‘வொஸ்’ என்று எழுதலாமா?



திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் ஞாயிறுதோறும் சில பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருநாள் ஓர் அக்கா, காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 1980இல் அமைக்கப்பட்ட ஐ.நா. செயற்குழுவுக்குத் தானே எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். “மை ஹஸ்பண்ட் வொஸ் மிஸ்ஸிங்” என்று தொடங்கியிருந்தது.

“இதில என்ன பிழை, ரீச்சர்?”

“அக்கா, ‘வொஸ்’ முடிஞ்சுபோனதுக்குச் சொல்லுறது. வாசிக்கிறவை, அவர் பிறகு திரும்பி வந்திட்டார் எண்டு நினைக்கக்கூடும்.”

அக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று தொடங்கி இன்றும் முடியாதிருப்பதற்கு ‘ஹஸ் பீன்’ வேண்டும்: “மை ஹஸ்பண்ட் ஹஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2008.”

‘சின்ஸ்’ஆ ‘ஃபோர்’ஆ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நம் தமிழே வழிகாட்டும். ‘2008இலிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. ‘பதினைந்து வருடமாக’ என்றால் ‘ஃபோர்’. ‘சின்ஸ் ஃபிஃப்டீன் இயர்ஸ்’ என்பது பிழை.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதற்கு மனம் ஒப்பாதவர்கள், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது.

அக்கா கடிதத்தை முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதினார். “இப்பதான் ரீச்சர், நான் சொல்ல வந்தது இதில இருக்கு” என்றார்.

சகோதரிகளே, கடிதத்தை உறையில் இடுமுன் வினைச்சொல்லை இன்னொருமுறை பாருங்கள்.