உலாவிப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்

உலாவிப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் என்பது, இணைய உலாவியில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு வழுக்களை நீக்கித் திருத்தப்பட்ட பதிப்பைப் பயனரின் கணினியிலோ கைபேசியிலோ நிறுவுவது ஆகும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி, ஓப்பரா முதலிய உலாவிகள் இத்தகைய இற்றைகளை அடிக்கடி வெளியிடுகின்றன. இவற்றை நிறுவிய பின்னும் உலாவியின் தோற்றத்தில் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரிவதில்லை. எனவே, இவை தேவையற்றவை எனக் கருதித் தள்ளிப்போடும் பயனர்களும் உள்ளனர்.

தேவை

உலாவி, முன்பின் அறியாத வழங்கிகளிலிருந்து வரும் உரை, படம், நிகழ்படம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஆகியவற்றைப் பெற்று உடனுக்குடன் இயக்கும் மென்பொருள் ஆகும். பல இலட்சம் வரிகள் கொண்ட இத்தகைய மென்பொருளை வழுவே இல்லாமல் எழுதுவது இயலாது. வழுக்கள் சிலவற்றைப் பயன்படுத்தி, ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், பயனர் வேறெதையும் சொடுக்காமலேயே தீநிரலை இயக்கிவிட முடியும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களும் அதே உலாவியில் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் இழப்பு பெரிதாகின்றது.

செயற்படும் முறை

உலாவி, தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் வழங்கியை அவ்வப்போது தொடர்புகொண்டு புதிய பதிப்பு உள்ளதா என வினவுகின்றது. இருந்தால் அதனைப் பின்னணியில் தரவிறக்கி, எண்ணிமக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின் நிறுவுகின்றது. எனினும், ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவி பழைய நிரலையே தொடர்ந்து இயக்கும். கணினி உலாவியை முழுவதுமாக மூடித் திறக்கும் வரை இற்றைப்படுத்தல் நிறைவடைவதில்லை. நாட்கணக்கில் மூடப்படாத உலாவி, திருத்தம் வந்து சேர்ந்த பின்னும் பாதுகாப்பற்றதாகவே இருக்கும்.

2023 வெப்பி வழு

வெப்பி என்பது கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பட வடிவம் ஆகும். இதனைக் காட்டப் பல உலாவிகளும் ஒரே நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. அந்நிரலகத்தில், படத்தின் சுருக்கத்தை விரிக்கும்போது ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்கு வெளியே எழுதிவிடும் வழு ஒன்று இருந்தது. திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட ஒரு படத்தின் மூலம் தாக்குநர் இதனைப் பயன்படுத்த முடிந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேபும் 2023 செப்டம்பர் 6 அன்று இதனைக் கூகுளுக்குத் தெரிவித்தன. குரோமுக்கான திருத்தம் செப்டம்பர் 11 அன்றும், பயர்பாக்சுக்கான திருத்தம் செப்டம்பர் 12 அன்றும் வெளியாயின. சிவிஇ-2023-4863 என்பது இவ்வழுவின் அடையாள எண் ஆகும். திருத்தம் வெளியாகும் முன்பே இதனைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

திருத்தம் வெளியான பின்

திருத்தம் வெளியானதும் இடர் நீங்கிவிடுவதில்லை. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டால் வழு எங்கிருந்தது என்பதைத் தாக்குநரும் அறிந்துகொள்ளலாம். எனவே திருத்தம் வெளியாகும் நாள், இற்றைப்படுத்தாத பயனருக்கு இடர் மிகும் நாளாகவும் அமைகின்றது. இக்காரணத்தால் பெரும்பாலான பயனர்கள் இற்றைப்படுத்தும் வரை வழு பற்றிய விவரங்களை நிறுவனங்கள் வெளியிடாமல் வைத்திருப்பதுண்டு. இந்த இடைவெளியைக் குறைக்கும் பொருட்டு, 2023 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் குரோமுக்கான பாதுகாப்பு இற்றைகளை வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது.

இந்தியாவில், 2004 ஜனவரி முதல் இயங்கிவரும் செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு, உலாவி வழுக்கள் பற்றிய எச்சரிக்கைகளைப் பாதிக்கப்பட்ட பதிப்பு எண்களுடன் வெளியிடுகின்றது.

அன்றாடப் பயன்பாட்டில்

காவிரிப் படுகையின் கடலோர ஊரான முத்துப்பேட்டை போன்ற இடங்களில் இதன் பயனை எளிதில் உணரலாம். நிலத்தின் பட்டா, சிட்டா விவரங்களைப் பார்ப்பது, வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, தொடர்வண்டிப் பயணச்சீட்டு எடுப்பது, வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா எனப் பார்ப்பது ஆகியவற்றை உலாவி வழியே செய்யலாம். சொந்தக் கணினி இல்லாதவர்கள் இவற்றுக்காகப் பிரௌசிங் சென்டர்களுக்குச் செல்கின்றனர். அங்குள்ள ஒரு கணினியை ஒரே நாளில் பலர் பயன்படுத்துவதால், அதன் உலாவியில் உள்ள ஒரு வழு அத்தனை பேரின் கடவுச்சொற்களையும் இடருக்கு உள்ளாக்கும்.

பழைய கணினிகள்

இற்றைகள் எக்காலத்துக்கும் கிடைப்பதில்லை. இயங்குதளம் பழையதானால், அதற்கான புதிய உலாவிப் பதிப்புகளும் நிறுத்தப்படுகின்றன. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸ் 7 பரவலான இயங்குதளமாக இருந்தது. அதற்கான மைக்ரோசாப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவடைந்தது. 2023 பிப்ரவரியில் வெளியான குரோம் 110, விண்டோஸ் 7 கணினிகளில் இயங்கவில்லை. இத்தகைய கணினிகள் பழுதின்றி இயங்கினாலும் அவற்றைக் கொண்டு வங்கிப் பணிகளைச் செய்வது பாதுகாப்பானதன்று. வன்பொருள் இடமளித்தால், தொடர்ந்து இற்றைகள் பெறும் லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுவது ஒரு மாற்று வழியாகும்.

எல்லைகள்

பாதுகாப்பு இற்றை, உலாவியின் நிரலில் உள்ள வழுவை மட்டுமே நீக்கும். வங்கியின் பக்கம் போலத் தோற்றமளிக்கும் போலிப் பக்கத்தில் பயனர் தாமே கடவுச்சொல்லை உள்ளிடுவதை அது முழுமையாகத் தடுக்காது. மேலும், "உங்கள் உலாவி பழையது, உடனே தரவிறக்குக" என்று சில பக்கங்களில் தோன்றும் அறிவிப்புகள் தீநிரலைப் பரப்பும் உத்தியாக இருக்கக்கூடும். உண்மையான இற்றையை, உலாவியின் பட்டியலில் உள்ள உதவிப் பகுதியிலோ கைபேசியின் செயலிக் கடையிலோ பெறலாம். இணையப் பக்கங்களில் தோன்றும் இணைப்புகளிலிருந்து அதனைப் பெறுதல் தவிர்க்கப்பட வேண்டும்.