‘ஊத மாட்டேன்’ என்றால் தப்பிக்க முடியுமா?

“ரெண்டே பீர்தான் சார்” என்று வாகன சோதனையில் கெஞ்சி பிரயோஜனம் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவில் வழக்குதான். மொபெட்டும் தப்பாது. 2019-ல் சட்டத்தை திருத்தும் முன் முதல் முறைக்கு அபராதம் ரூ.2 ஆயிரம் வரைதான். இப்போது ரூ.10 ஆயிரம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி சிக்கினால் ரூ.15 ஆயிரம், ஜெயில் 2 ஆண்டு வரை.

ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால், போதையில் இருப்பதாக சந்தேகப்படும் போலீசார் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததே கோர்ட்டில் எதிராக நிற்கும்.

ஆனால் போலீசுக்கும் கடிவாளம் உண்டு. கைது செய்த 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்கணும், இல்லாவிட்டால் ஆளை விடணும். எனவே கைதான நேரம், பரிசோதனை நடந்த நேரம் இரண்டையும் குறித்து வைத்து வக்கீலிடம் சொல்லணும். வாடை அடித்தது என்பது மட்டும் போதாது, அளவு வேணும். மீட்டர் சீட்டை கேட்டு வாங்குங்க.

போதை ஆசாமியை வண்டி ஓட்ட தூண்டிய நண்பருக்கும் 188-வது பிரிவில் அதே தண்டனைதான்.

விபத்து நடந்தால்தான் பெரிய அடி. சொந்த வண்டி சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. அடிபட்டவருக்கு கம்பெனி கொடுக்கும் நஷ்டஈட்டையும் உங்களிடமே வசூலிக்க கோர்ட் உத்தரவிடலாம். அது லட்சக்கணக்கில் போகும்.