நீர்ப் பற்றாக்குறையும் தக்காளிப் பயிரும்: உயிரூக்கிகளின் பயன்

கேரளம் மழைவளம் மிக்க நாடு என்பது பொதுவான எண்ணம். ஆயினும், தமிழ்நாட்டை அடுத்த அதன் கிழக்கெல்லையில் இக்கூற்றுக்குப் பொருந்தாத ஊர்கள் பல உள. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஆகியவையும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர் ஆகியவையும் மழைமறைவுப் பகுதிகளாகும். சித்தூர்ப் பகுதியில் தக்காளி ஒரு முக்கியமான சந்தைப் பயிர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று, மண்ணின் ஈரத்தை விரைவில் போக்கிவிடுகிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கை, சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீரை மணக்கடவில் தர வகைசெய்கிறது. அந்நீர் தாமதமாயின், கிணறு வற்றிய உழவரின் பயிர் வாடுகிறது. இத்தகைய இடங்களில், ‘உயிரூக்கி’ எனப்படும் பொருள்கள் எந்த அளவுக்கு உதவும் என்பதைத் தெளிவாக அறிதல் அவசியம்.

செடியினுள் நிகழ்வது

மண்ணில் ஈரம் குறைந்ததும் வேர் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனை இலைகளுக்கு அனுப்புகிறது. உடனே இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் ஆவியாவது குறைகிறது. ஆனால் கரியமிலவாயு உட்புகுவதும் தடைப்படுவதால் உணவுத் தயாரிப்புக் குன்றுகிறது. இலை வெப்பமடைகிறது, உயிரணுக்களைச் சிதைக்கும் பொருள்கள் அதில் பெருகுகின்றன. பூக்கும் பருவத்தில் இந்நிலை ஏற்பட்டால் பூக்கள் உதிரும். காய் பருக்கும் பருவத்தில் ஏற்பட்டால், நீரோடு சேர்ந்து செல்ல வேண்டிய சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போதிய அளவு எட்டாது. காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். இது கிருமியால் வரும் நோயன்று.

உயிரூக்கிகள் செய்வது

உயிரூக்கி உரமுமன்று, பூச்சி மருந்துமன்று. செடியின் இயல்பான செயல்களைத் தூண்டிச் சத்துகளை நன்கு ஏற்கவும் இடர்களைத் தாங்கவும் உதவுவதே அதன் பணி. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலங்கள், சில நுண்ணுயிர்கள் ஆகியவை இவ்வகையின.

இராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசியைப் பிழிந்து சாறு எடுக்கும் முறையைப் பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. அச்சாற்றில் பொட்டாசியமும், வளர்ச்சி ஹார்மோன்களும், உயிரணுக்களில் நீரைத் தக்கவைக்க உதவும் கிளைசின் பீட்டெய்னும் உள்ளன. தக்காளியில் இச்சாற்றைத் தெளித்து நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஐந்து பங்குக் கரைசலே அதில் மிகுந்த விளைச்சல் தந்தது. அளவைக் கூட்டுவதால் பயன் கூடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு நிற மெத்தைலோபாக்டீரியத்தை வறட்சிக் காலத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் தெளிக்கப் பரிந்துரைக்கிறது. இஃது உயிருள்ள நுண்ணுயிராதலால், பூச்சி மருந்துடனோ பூசண மருந்துடனோ கலக்கலாகாது.

பயன்படுத்தும் காலம்

உயிரூக்கி நீருக்கு ஈடாகாது. அது செடியை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவது. ஆதலால் வாட்டம் கண்டபின் தெளிப்பது வீண் செலவாகும். பூக்கத் தொடங்குமுன், மண்ணில் ஈரம் உள்ளபோது, காலையிலோ மாலையிலோ தெளித்தல் நன்று. வைக்கோல் மூடாக்கும் சொட்டுநீரும் உடனிருந்தால் பயன் நிலைக்கும்.

நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்கு இடர் சிறிது. விடியற்காலையிலும் துவண்டே நின்றால், முதலில் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண் வறண்டிருந்தால் நீரே மருந்து. மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் அது பாக்டீரிய வாடல் நோயாக இருக்கக்கூடும். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால்போன்ற கசிவு இறங்குவது அந்நோயின் அடையாளம். அதற்கு உயிரூக்கி பயன்படாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் உயிரூக்கிகளைச் சட்ட வரம்பிற்குள் கொணர்ந்தது. பழைய சரக்குகளுக்கு அளிக்கப்பட்டிருந்த இடைக்கால அனுமதி 2025 ஜூன் 16-ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆணையின் ஆறாம் அட்டவணையில் இடம்பெற்றவற்றையே இனி விற்கலாம். புட்டியின் மேல் உட்பொருள், அளவு, பயிரின் பெயர், காலாவதி நாள் ஆகியவை உள்ளனவா என்று களப்பணியாளர் உழவருக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். கடன் வாங்கிப் பயிரிடுபவருக்கு ஒரு புட்டியின் விலையும் பெருஞ்சுமையே.

எளிய சோதனை

பள்ளித் தோட்டத்தில் ஆசிரியர்கள் இதனைச் சோதித்துக் காட்டலாம். ஒரே நாளில் நட்ட தக்காளியில் மூன்று வரிசைகளுக்கு உயிரூக்கிக் கரைசலும், இடையிடையே உள்ள மூன்று வரிசைகளுக்கு வெறும் நீரும் தெளிக்க வேண்டும். பாசனமும் உரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். உதிர்ந்த பூக்கள், பறித்த காய்களின் எண்ணிக்கை, எடை ஆகியவற்றை மாணவர்கள் வாரந்தோறும் குறித்து வரலாம். களப்பணியாளர் இம்முறையையே உழவரின் நிலத்தில் மேற்கொள்ளலாம். வெறும் நீர் தெளித்த வரிசை இல்லாவிடில், கிடைத்த பயன் மருந்தாலா, இடையில் பெய்த மழையாலா என்று எவராலும் கூற இயலாது. கூடுதலாகக் கிடைத்த காயின் விலை, மருந்தின் விலையையும் தெளிப்புக் கூலியையும் மிஞ்சினால் மட்டுமே அப்பொருளை அடுத்த பருவத்துக்குப் பரிந்துரைத்தல் முறையாகும்.