நிர்ப்பந்தமும் நோயாளியின் வலியும்

போதைக்காகப் போதைப்பொருளை நாடுவது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயின், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் உறக்கமின்றித் துடிப்பவருக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபினும் இவ்விலக்கில் அடங்குமா?

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவி (ரஹ்) இதையொத்த வினா ஒன்றை ஆராய்ந்துள்ளார். அழுகிய கையைத் துண்டிக்க நேரும்போது, அதன்பொருட்டு அறிவை மறைக்கும் பொருளைக் கொடுக்கலாமா? கூடும் என்பதே மிகச் சரியான கூற்று என்பது அவர் முடிவு. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற விதியோடு, அவ்வனுமதி தேவையின் அளவை மீறலாகாது என்ற விதியையும் ஃபிக்ஹ் சேர்த்தே சொல்கிறது.

நம் நாட்டின் நடைமுறையில் இந்தச் சமநிலை நெடுங்காலம் குலைந்திருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடுக்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட விதிகளும், பல துறைகளிடம் பெறவேண்டிய உரிமங்களும், கடுந்தண்டனை பற்றிய அச்சமும் சேர்ந்து, மருத்துவமனைகள் பலவற்றை மார்ஃபினைக் கைவிடச் செய்தன. 1997-க்குள் அதன் மருத்துவப் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசு உரிமத்துடன் கசகசாச் செடி பயிராகி, அதன் அபின் பிறநாடுகளின் மருந்துத் தேவைக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்த காலம் அது.

மருந்து கள்ளச்சந்தைக்குச் சென்றுவிடும் என்ற அச்சத்திற்கு விடை கோழிக்கோட்டிலிருந்து கிடைத்தது. 1993-இல் அங்கு தொடங்கப்பட்ட வலி தணிப்புச் சிகிச்சை அமைப்பு, வாய்வழி மார்ஃபினை நோயாளிகள் வீட்டில் வைத்தே உட்கொள்ள வழங்கியது. 1723 நோயாளிகளை ஈராண்டுகள் கவனித்து, 2001-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மருந்து தவறான கைகளுக்குச் சென்றதற்கான சான்று எதையும் காணவில்லை. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறை வகுக்க வழிசெய்தது.

சட்டம் வழிவிட்ட பின்னரும், கலிமா சொல்லும் நினைவு தவறிவிடுமோ என்று மருந்தை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. படிப்படியாக அளவறிந்து தரப்படும் மார்ஃபின் பெரும்பாலும் நினைவை அழிப்பதில்லை. தாங்கொணா வலியே தொழுகையிலும் திக்ரிலும் மனம் ஒன்றவிடாமல் தடுக்கிறது. மருந்துண்பது பொறுமைக்கு முரணன்று. நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும் ஆலிம்கள் இதனை அக்குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது இன்று நம் மீதுள்ள கடமையாகும்.