கூடி வாசிக்கும் கலை

இசைக்கு மொழி இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல மரபினர் ஒருங்கே அமர்ந்து ஒரு புதிய உருப்படியை வாசிக்கப் புகுந்தால், அக்கூற்று எவ்வளவு ஐயத்திற்குரியது என்பது விளங்கும். இசைக்கும் மொழி உண்டு. ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொள்ளும் தொல்லையும் அதில் உண்டு.

முளா, பவனா என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே இருப்பது நான் வசிக்கும் சாங்வி. அங்கே என் அறையில் 'இருநதி' என்றொரு வாத்திய உருப்படியை அமைத்தேன். மோகன ராகம்; ஏழு எண்ணிக்கை; சாகித்தியம் இல்லை. முதலில் அனைவரும் முகப்பை வாசிப்பர். பின் ஒவ்வொருவராகக் கற்பனை செய்வர். முடிவில் முகப்புக்கே திரும்புவர். ஜாஸ் இசையின் அமைப்பு இதுவே. பல்லவியும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. இத்தகைய கற்பனை வாசிப்பை வேறோர் இசை மரபோடு இணைப்பதை ஜாஸ் ஃபியூஷன் என்பர்.

கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவர், தபலா பயிலும் மராத்தி நண்பர் ஒருவர், பிடில் வாசிக்கும் நம் தஞ்சை நண்பர் ஒருவர் ஆகிய மூவரிடமும் இதை வாசித்துக் காட்டினேன். பாராட்டு குறைவாகவும் கேள்விகள் மிகுதியாகவும் வந்தன. அக்கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

முதற் கேள்வி தாளம் பற்றியது. கேட்டவுடன் தபலா நண்பர் "ரூபக்" என்றார். அச்சொல்லைக் கேட்ட பிடில் நண்பர் கையில் ஆறு எண்ணத் தொடங்கிவிட்டார்! இருவரும் தத்தம் மரபில் சரியே. இந்துஸ்தானி ரூபக் 3+2+2 என ஏழு மாத்திரை கொண்டது. நம் ரூபக தாளமோ 2+4 என ஆறு அட்சரம் கொண்டது. ஏழுக்கு நம்மிடம் உள்ளது 3+4 ஆகிய மிசிரசாபு. பெயரை விட்டு எண்ணைப் பற்றுவோம் என்று முடிவாயிற்று.

இரண்டாம் கேள்வி சற்றுக் கடுமையானது. மோகனத்தின் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களையே மராத்தி நண்பர் 'பூப்' ராகத்தில் அறிவார். ஜாஸ் வாசிப்போருக்கும் அவ்வரிசை பழக்கமானதே. எனினும் கிதார் நண்பர் பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் 'கார்டு'களில் வளர்ந்தவர். மோகனத்திற்குள் வழக்கமான முச்சுரக் கார்டுகள் இரண்டே அமையும்: ச-க-ப, த-ச-க. மற்றவற்றுக்கு மத்திமமோ நிஷாதமோ வேண்டும். அவை புகுந்தால் ராகம் போயிற்று.

"உன் கிதார் எங்கள் பூப்பைக் கெடுக்கிறது" என்றார் தபலா நண்பர்.

"இரண்டு கார்டை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கற்பனை செய்வது?" என்றார் கிதார் நண்பர்.

1953 முதல் சவாய் கந்தர்வ விழாவைக் கண்டுவரும் புனே நகரில் ராகத்தின் பக்கம் பேச ஆள் குறைவில்லை. ஆயினும் கிதார் நண்பரின் வழக்கிலும் நியாயம் இருந்தது. யார் விட்டுக்கொடுப்பது?

இச்சிக்கலைப் பெரியோர் எங்ஙனம் தீர்த்தனர் என்று பார்ப்போம். ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கி, மின்கிதாரின் பேரொலியால் புகழ் பெற்றவர். பின்னர் பிடில் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் மின்னொலியைத் துறந்து அமர்ந்தார். 1975இல் நியூயார்க் மாநிலத்தில் அவர்கள் வாசித்த கச்சேரி 1976இல் இசைத்தட்டாக வந்தது. எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற மெக்லாஃப்லின், தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். தந்தியை அழுத்திக் கமகம் எழுப்ப அது வழி செய்தது. கார்டு வரிசைகளையும் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். வட நாட்டுத் தபலாவும் தென்னாட்டுக் கடமும் அங்கே அருகருகே பேசின. அக்குழு பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் கூடி, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவுடன் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' 2024இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

நாங்களும் எங்கள் அளவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். முகப்பில் கிதார் அவ்விரண்டு கார்டுகளைத் தாண்டாது. தனக்குரிய முறை வரும்போது எல்லாக் கார்டுகளும் அதற்கு உரிமை. அப்போது பிடில் ஓயும், தபலா ஏழைக் காத்து நிற்கும். ராகம் சிறிது நேரம் ஒதுங்கி நிற்பதைத் தபலா நண்பர் முழுமனத்தோடு ஏற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசிக்க இசைந்தார்.

மூன்றாவது, முடிப்பது எப்படி? இங்கே கணக்கு கைகொடுத்தது. ஏழு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை. ஆக ஓர் ஆவர்த்தத்தில் 28. எட்டு மாத்திரைச் சொற்கட்டை மும்முறை வாசித்து, இடையில் இரண்டு மாத்திரைக் கார்வை இருமுறை விட்டால் 24+4=28. அடுத்த தட்டில் எல்லோரும் முகப்பில் வந்து சேரலாம். சொற்கட்டே அறியாத கிதார் நண்பர் இதை எண்ணாகவே பிடித்துக்கொண்டார்.

புதிய உருப்படி அமைக்கும் மாணவ நண்பர்களே, அதைப் பிறர்முன் வைக்கும்போது "நன்றாயிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அக்கேள்விக்கு நட்பு எப்போதும் "ஆம்" என்றே விடை சொல்லும். "நீங்கள் இதை எப்படி எண்ணுகிறீர்கள்? எதை உங்களால் விட முடியாது?" என்று கேளுங்கள். வருகிற விடையில் உங்கள் உருப்படி சிறிது மாறும். அதன்பின் அதை வாசிக்க நால்வர் இருப்பர்.