மவுஸ் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் முதல் புகார் மவுஸைப் பற்றித்தான். ரீசைக்கிள் பின் மீது கிளிக் செய்யப் போனால் கர்சர் அதைத் தாண்டி எங்கோ ஓடுகிறது. பணி ஓய்வுக்குப் பின் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், "இந்த வயதில் நமக்கு வராது" என்று இரண்டே நாளில் ஒதுங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். உங்கள் மூளைக்கு இன்னும் கணக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

டம்ளரை எடுக்கும்போது கை போகும் இடமும் கண் பார்க்கும் இடமும் ஒன்று. மவுஸில் அப்படி இல்லை. கை டேபிள் மீது முன்னால் நகர்கிறது. கர்சரோ திரையில் மேலே ஏறுகிறது, அதுவும் கை நகர்ந்ததைவிட அதிக தூரம். குறி தவறும்போதெல்லாம் கண் அதைப் பார்த்துச் சொல்கிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, பின்மண்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சிறுமூளை அடுத்த அசைவைச் சற்றே திருத்துகிறது. குறி தவறாமல் இந்தப் பாடம் நடக்காது.

சோதித்துப் பார்க்க ஆசையா? மவுஸை 45 டிகிரி இடப்பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒரே ஐகானைத் திரும்பத் திரும்பத் தொட முயலுங்கள். முதலில் கர்சர் கோணலாக ஓடும். சிறிது நேரத்தில் நேராகிவிடும்.

பழகியவர் கையும் ஒரே வீச்சில் சரியாகப் போய் நிற்பதில்லை. முதலில் ஒரு வீச்சு, இலக்கின் அருகே கண் பார்த்துத் திருத்தம் என்று இரண்டு கட்டம் இருப்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் 1899-லேயே எழுதியிருக்கிறார்.

எனவே மவுஸைப் பார்க்காதீர்கள்; திரையைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த வயர்லெஸ் மவுஸால் கர்சர் தாமதமாக நகர்ந்தால், எந்த அசைவுக்கு எந்தத் தவறு என்று மூளைக்குப் புரியாது. பேட்டரியை மாற்றிவிடுங்கள். "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று மவுஸைப் பிடுங்கும் பிள்ளைகளையும் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் கை பழகும், உங்கள் கை பழகாது!

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று செல்லவும். அங்கே பாயின்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும். 'என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்' வசதியை ஆஃப் செய்யவும். அது ஆனில் இருந்தால், கை வேகமாகப் போகும்போது கர்சர் கூடுதல் தூரம் பாயும்; கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு வாரம் இந்த செட்டிங்ஸைத் தொடாமல், தினமும் பத்து நிமிடம் சாலிடேர் ஆடுங்கள். சீட்டுகளை இழுத்து வைப்பது நல்ல பயிற்சி. வீட்டில் யாராவது கேட்டால் பாடம் படிக்கிறேன் என்று சொல்லலாம்.