எல்லைக்கோடும் கைதுசெய்யும் அதிகாரமும்

சட்டமும் சாமானியரும் – 11

கடல் கடந்து செல்லும் பிரயாணி ஒருவர் போலீசாரால் தேடப்படுபவரானால், அவரை விமான நிலையத்தில் தடுத்து நிறுத்துவதற்கு ‘லுக்-அவுட்’ சுற்றறிக்கை ஆதாரமாகிறது என்பதையும், அதைக் கோரிய இலாகாவிடம் அவரை ஒப்படைப்பதோடு குடியேற்ற அதிகாரியின் கடமை முடிகிறது என்பதையும் சென்ற வாரம் கண்டோம். பாஸ்போர்ட்டு கேட்போர் எவருமில்லாத உள்நாட்டு எல்லையில் அத்தகைய அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதே இவ்வார விசாரணை.

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் குறுக்கிடும் எல்லை, சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது ஏற்பட்டது. அது நிர்வாகத்தின் பொருட்டு இடப்பட்டதேயன்றிப் பிரஜைகளை வடிகட்ட இடப்பட்டதன்று. தேசமெங்கும் நடமாடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து அளித்திருக்கிறது. கடத்தல் செம்மரம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று வண்டியைச் சோதிக்க வனச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் ஆளைப் பிடிப்பதற்கோ, கோர்ட்டு பிறப்பித்த பிடிவாரண்டு இருக்கவேண்டும், அல்லது குற்றம் புரிந்தார் என்ற நியாயமான சந்தேகம் இருக்கவேண்டும், அல்லது குற்றம் புரியத் திட்டமிட்டிருப்பது தெரிந்து, வேறெவ்வகையிலும் அதைத் தடுக்க இயலாத நிலை இருக்கவேண்டும். இறுதியாகச் சொன்ன தடுப்புக் கைது, வேறு சட்டத்தின் அனுமதி இல்லாவிடில், 24 மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

இந்த மூன்றனுள் எதன்படி என்ற கேள்வி, 2016 ஆகஸ்டில், சென்னையிலிருந்து திருப்பதி சென்ற ரயிலில் வந்த 32 தமிழர்கள் ரேணிகுண்டாவில் பிடிக்கப்பட்டபோது எழுந்தது. அவர்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்பது போலீசார் தரப்பு. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்கு இது குறித்துக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகவே சுட்டதாகப் போலீசார் கூற, இறந்தோரில் சிலர் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று உடன் சென்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தனர். பிடித்த நேரமும் தேதியும் சாட்சியோடு எழுதப்பட வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்ததன் அவசியம், இத்தகைய முரண்பட்ட கூற்றுகளுக்கிடையேதான் நன்கு புலப்படுகிறது.

2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தப் பாதுகாப்பை மேலும் விரித்திருக்கிறது. வேறு ஜில்லாவில் வாரண்டின்பேரில் பிடிபட்டவரை, அதைப் பிறப்பித்த கோர்ட்டு 30 கிலோமீட்டருக்குள் இல்லையேல், பொதுவாகப் பிடிபட்ட இடத்து அதிகாரியிடமே ஆஜர்படுத்தவேண்டும். அவர் வழக்கமாக வசிக்கும் ஜில்லாவின் போலீஸ் அதிகாரிக்கும் உடனே தகவல் தரவேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து வந்தவர் சித்தூரில் பிடிபட்டால், திருவண்ணாமலைக்குச் செய்தி எட்டியாக வேண்டும் என்பதே இதன் தாத்பரியம்.

பிடித்ததற்கான காரணத்தை எந்த மொழியில் சொல்வது என்பதும் அற்பமான விஷயமன்று. ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் காரணம் அளித்த தடுப்புக் காவலை, 1962-இல் ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. தெலுங்கு அறியாத தொழிலாளியிடம் தெலுங்குக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவதும் அதே நியாயத்தின்படி பிழையே.

செம்மரக் கடத்தல் பெருங்குற்றம். அதைத் தடுப்பது அரசின் கடமை. எனினும் பேசும் பாஷையும் பிறந்த ஜில்லாவும் எவரையும் சந்தேகத்துக்குரியவராக ஆக்கிவிடா. எல்லையில் உங்களை நிறுத்தினால் பணிவோடு நில்லுங்கள். காரணத்தைத் தமிழில் கேளுங்கள். உறவினருக்குத் தகவல் தரச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள், பிரயாண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படுவது உங்கள் உரிமை என்பதை மறவாதீர்கள்.

(தொடரும்)